கோல் கீப்பரும் கலியாணத் திகதியும்

கரம்பொன்,
ஓகஸ்ட் 2.

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மச்சான் சரவணமுத்து அவர்களுக்கு,

கரம்பொன்னிலிருந்து செல்வரத்தினம் எழுதிக்கொள்வது. இங்கே நானும், உமது தங்கை சீதேவியும், பிள்ளைகள் இருவரும், ஆடுகள் மூன்றும் நற்சுகத்துடன் இருக்கின்றோம். அதுபோல நீரும் மச்சாளும் கனடாவில் ஒரு குறையுமின்றி வாழ அம்மாளை வேண்டுகிறேன். மச்சாளின் முழங்கால் நோவுக்குச் சென்ற கடிதத்தில் நான் எழுதிய எண்ணெய் பலனளித்ததா என்பதை அறியத் தரவும். நிற்க.

இக்கடிதத்தின் நோக்கம் யாதெனில், எமது மகள் பவதாரணியின் திருமணத் திகதியில் ஏற்பட்டுள்ள ஒரு சிறு மாற்றத்தை உமக்கு அறியத் தருவதாகும். இதை வாசித்தவுடன் கதிரையை விட்டு எழும்ப வேண்டாம். முழுவதையும் வாசித்த பின்னர் எழும்பலாம். முப்பத்திரண்டு வருடம் உப தபாலதிபராக இருந்து ஊரார் கடிதங்களை ஒன்றும் தவறாமல் சேர்ப்பித்த நான், எனது சொந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல், மகன் நிசாந்தனைக் கொண்டு பக்கம் பக்கமாகப் படம் எடுப்பித்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றால் விசயம் எவ்வளவு அவசரம் என்பதை நீரே விளங்கிக்கொள்ளும்.

முன்னர் உமக்கு எழுதியபடி, ஐயர் குறித்த முகூர்த்தம் செப்ரெம்பர் மூன்றாம் திகதி காலை பத்து மணி இருபது நிமிடம். மாப்பிள்ளை புளியங்கூடல் ஜதுர்சன், நீர்ப்பாசனக் கந்தோரில் உத்தியோகம், பெடியன் தங்கம். தாய்மாமனாகிய நீர் ஓகஸ்ட் முப்பதாம் திகதி வந்து இறங்கி, செப்ரெம்பர் எட்டாம் திகதி திரும்புவதாக ரிக்கற் எடுத்துவிட்டீர். தோழன் ஆர்? பொம்பிளையின்ரை தம்பி நிசாந்தன். மாப்பிள்ளை வாசலிலை வந்து நிக்க, செம்பிலை தண்ணி எடுத்துக் காலைக் கழுவி, அவர் போடுற மோதிரத்தை வாங்கிக்கொண்டு, கையைப் பிடிச்சு மணவறைக்குக் கூட்டிக்கொண்டு வாறது அவன்ரை வேலை. இவ்வளவும் ஒழுங்கு. ஒருத்தரும் குறை சொல்லக்கூடாது எண்டுதான் நானும் சீதேவியும் குங்குமமும் சந்தனமும் கொண்டு பத்து நாளாய்க் கரம்பொன், நாரந்தனை எல்லாம் வீடுவீடாய் ஏறி இறங்கிக் கலியாணத்துக்குச் சொன்னனாங்கள். உமக்குத் தெரியும்தானே, எங்கடை ஆக்களுக்குக் கார்ட் மட்டும் குடுத்தால் காணாது, வாசல்படி ஏறி, "வீட்டோடை வந்திடோணும், பிள்ளையள் ஒருத்தரும் நிக்கப்படாது" எண்டு வாயாலை சொல்லோணும். நான் எல்லா வீட்டிலையும் சொன்னனான். நல்லாய் அழுத்திச் சொன்னனான். அங்கைதான் மச்சான் பிழைச்சது.

போன செவ்வாய்க்கிழமை நிசாந்தன் படிக்கிற கல்லூரியின்ரை அதிபர் ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டார். அந்தப் பள்ளிக்கூடத்திலையிருந்து எனக்கு வாற அழைப்பெல்லாம் நிசாந்தன்ரை கணக்குப் புள்ளியைப் பற்றித்தான், அதாலை நான் தலையைக் குனியிறதுக்கு ஆயத்தமாய், வேறை சேட்டுப் போட்டுக்கொண்டு போனனான். போனால் அதிபரின்ரை கந்தோரிலை ஒரு மாநாடே நடக்குது. அதிபர் இருக்கிறார். விளையாட்டு மாஸ்ரர் றொஜன் விசிலைக் கழுத்திலை போட்டபடி இருக்கிறார். இளைப்பாறின கணக்கு வாத்தியார் முருகேசு இருக்கிறார். பழைய மாணவர் சங்கத் தலைவர் பஸ்ரியாம்பிள்ளை அண்ணை, அதுதான் எங்கடை காலத்திலை பந்தோடை சேத்து ஆளையும் உதைக்கிறவர், அவர் கதிரை போதாமல் அலுமாரியிலை சாய்ஞ்சுகொண்டு நிக்கிறார். மேசையிலை எட்டுக் கடிதம். எட்டும் லீவுக் கடிதம். எட்டிலையும் ஒரே திகதி, செப்ரெம்பர் மூண்டு. எட்டிலையும் ஒரே காரணம்: "திரு. செல்வரத்தினம் அவர்களின் மகளின் திருமணத்திற்குச் சமுகமளிக்க வேண்டியிருப்பதால்."

எனக்கு ஒரு பெருமையாயும் இருந்தது, பாரும். ஊர் எங்களை மதிக்குது எண்டு நினைச்சன். அப்பதான் றொஜன் மாஸ்ரர் மெதுவாய்ச் சொன்னார், "சேர், இந்த எட்டுப் பேரும் எங்கடை உதைபந்து ரீம். அண்டைக்குத்தான் நெடுந்தீவிலை தீவகக் கிண்ணத்தின்ரை இறுதியாட்டம்." நான் கேட்டன், பின்னேரம் வைக்க ஏலாதோ, காலமை கலியாணம், மத்தியானம் சாப்பாடு, பின்னேரம் பந்தடி, ஆருக்கும் கரைச்சல் இல்லையே எண்டு. அவை எல்லாரும் என்னைப் பாத்த பார்வையிலை எனக்கே வெக்கமாய்ப் போச்சு. நெடுந்தீவுக்குக் குறிகட்டுவான் துறையிலையிருந்து படகு வெளிக்கிடுறது காலமை எட்டு மணிக்கு. திரும்பி வாறது ரண்டரைக்கு. அதை விட்டால் ரீம் அங்கை கோயில் மடத்திலை படுக்கோணும். அதாலை அங்கை எந்த மட்ச் எண்டாலும் பத்து மணிக்குத்தான். ஐயர் குறிச்சதும் பத்து இருபது. என்ரை மகள்ரை கழுத்திலை தாலி ஏற, அங்கை நெடுந்தீவுப் பெடியள் ஆளில்லாத கோலுக்குள்ளை பந்தை அடிச்சுக்கொண்டிருப்பினம்.

"பதினொரு பேரிலை எட்டுப் பேர் போனால் மூண்டு பேரோடை விளையாட ஏலாது, ஆனபடியால் கொஞ்சப் பேரைக் கலியாணத்துக்கு விடுவம், கொஞ்சப் பேரை நிப்பாட்டுவம், ஆனால் ஆரை இழந்தால் ரீம் விழும், அவனை மட்டும் விட ஏலாது, அதைத்தான் இண்டைக்குத் தீர்மானிக்கோணும்" எண்டு அதிபர் சொன்னார். சொல்லி வாய் மூடேல்லை, தொடங்கினாங்கள் மச்சான் ஒரு தர்க்கம்! பாராளுமன்றத்திலை கூட இவ்வளவு சீரியஸாய்க் கதைக்கிறேல்லை. றொஜன் மாஸ்ரர் சொன்னார், முன்னுக்கு விளையாடுற நிமலனை விட ஏலாது, இந்தமுறை அடிச்ச பதினாலு கோலிலை ஒன்பது அவன்ரை எண்டு. பஸ்ரியாம்பிள்ளை அண்ணை அலுமாரியிலை அடிச்சு, "கோல் அடிக்கிறதுக்கு ஆர் ஏலாது? என்ரை மனிசியும் அடிப்பாள். நடுவிலை நிண்டு மறிக்கிறவன்தான் வேணும், அந்தச் சுருட்டைத் தலையனை விட்டால் நான் பதவி விலகுவன்" எண்டார். அவர் பதவி விலகுறது மாதத்துக்கு ஒருக்கா நடக்கிறது, அதாலை ஒருத்தரும் பதறேல்லை.

நான் இடையிலை பூந்து சொன்னன், நிமலனை நீங்கள் நிப்பாட்டினால் எனக்குக் கரைச்சல். அவன்ரை தாய் சீதேவிக்கு ஒண்டுவிட்ட தங்கச்சி முறை. நாங்கள் படியேறிச் சொல்லி, அவ "ஓம் அக்கா" எண்டு வெத்திலை எடுத்துத் தந்தாப் பிறகு மகன் வராட்டி, "எங்களைக் கூப்பிட்டிட்டு வேண்டாமெண்டவை" எண்டு கதை மாறி, அடுத்த கலியாணம் வரைக்கும் எங்கடை பக்கம் தலை வைச்சும் படுக்க மாட்டா. சுருட்டைத் தலையன்ரை தேப்பன்தான் வாழை கொண்டந்து கட்டுறவர். அவரையும் பகைக்க ஏலாது. இப்பிடி நான் ஒவ்வொருத்தனாய் எடுத்துச் சொல்ல, அதிபர் தன்ரை தாளிலை கோடு கீறி ஒருபக்கம் ரீமுக்கு வேணும், மறுபக்கம் கலியாணத்துக்கு வேணும் எண்டு எழுதினார். எல்லாப் பேரும் ரண்டு பக்கமும் வந்தது.

அப்பத்தான் முருகேசு வாத்தியார் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். அவர் கண்ணாடியைத் துடைச்சால் கணக்கு வரப்போகுது எண்டு அர்த்தம், நானும் அவரிட்டைப் படிச்சனான்தானே. அவர் சொன்னார், "கோல் அடியாட்டி நாங்கள் தோக்க மாட்டம். கோல் வாங்கினால்தான் தோப்பம். ஒண்டும் அடியாமல் ஒண்டும் வாங்காமல் இருந்தால் பெனால்ரி. பெனால்ரியிலை வெல்லுறது ஆர்? கோல் கீப்பர். ஆனபடியால் கோல் கீப்பரைத் தவிர மற்ற ஆர் போனாலும் சமாளிக்கலாம்." பஸ்ரியாம்பிள்ளை அண்ணை கூட அலுமாரியை விட்டு நிமிந்திட்டார். றொஜன் மாஸ்ரர், "ஓம், அது சரி" எண்டார். அதிபர், "அப்ப முடிஞ்சுது, கோல் கீப்பரை மட்டும் விட ஏலாது" எண்டு பேனையை மூடினார்.

நான் சந்தோசமாய் எழும்பினன் மச்சான். ஒருத்தனோடை போச்சு, மிச்சப் பேரைப் பேசிச் சமாளிக்கலாம் எண்டு. "நல்லது, கோல் கீப்பர் ஆரின்ரை பிள்ளை? நான் தேப்பனோடை கதைக்கிறன்" எண்டு கேட்டன். எல்லாரும் என்னைப் பாத்தினம். நான் பின்னுக்கு ஆரும் நிக்கினமோ எண்டு திரும்பிப் பாத்தன். ஒருத்தருமில்லை. "உங்கடை பிள்ளைதான் சேர்" எண்டார் றொஜன்.

நீர் சிரிப்பீர் எண்டு தெரியும். அவன் பந்தடிக்கிறவன் எண்டு எனக்குத் தெரியும், அது எந்த வீட்டுப் பெடியனும் அடிக்கிறதுதானே. ஆனால் எந்த இடத்திலை நிக்கிறவன் எண்டு நான் ஒருநாளும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. அவன் ஊத்தைக் காற்சட்டையோடை வர நான் பேசிப்போட்டு உள்ளை போறது, அதுதான் எங்களுக்குள்ளை உதைபந்தைப் பற்றின சம்பாசணை. எட்டு லீவுக் கடிதத்திலை ஒண்டு அவன்ரை எண்டும் அப்பதான் கண்டனான். கையெழுத்துக் கூட என்ரை மாதிரி.

இனி என்ன செய்யிறது? தோழன் இல்லாமல் மாப்பிள்ளையின்ரை காலை ஆர் கழுவுறது? என்ரை பிள்ளையை மீட்க எனக்கு ஒரே வழிதான் தெரிஞ்சுது. அவன் ஒண்டுக்கும் உதவாதவன் எண்டு சபையிலை நிறுவுறது. தொடங்கினன் மச்சான். "ஐயா, நீங்கள் ஆளை மாறி விளங்கியிருக்கிறியள். இவன் பிடிக்கிறவனில்லை, விடுறவன். வீட்டிலை போன பொங்கலுக்குப் பானையை இறக்கச் சொல்ல, அரைவாசிப் பொங்கலை முத்தத்து மண்ணுக்குப் படைச்சவன். கட்டாக்காலிக் கோழியைப் பிடிக்கச் சொல்ல, கோழி இவனைத் துரத்தினது. முட்டை வாங்கிக்கொண்டு வரச் சொன்னால் எங்கடை வீட்டிலை அண்டைக்கு முட்டைப் பொரியல்தான், அவிச்ச முட்டை இல்லை" எண்டன். எல்லாரும் சிரிச்சினம். பஸ்ரியாம்பிள்ளை அண்ணை கண்ணைத் துடைச்சுத் துடைச்சுச் சிரிச்சார். எனக்கு உசார் வந்திட்டுது. கடைசியாய் என்ரை பெரிய ஆதாரத்தை எடுத்துவிட்டன். "எல்லாத்தையும் விடுங்கோ, போன மாதம் தண்ணி அள்ளப் போனவன் கிணத்துத் துலாக்காலிலை நெத்தியை முட்டி, புருவத்துக்கு மேலை நாலு தையல். எங்கடை வளவிலை நான் பிறக்க முதல் நட்ட துலாக்கால் அது. நிக்கிற காலிலையே போய் மோதிறவன், பறக்கிற பந்தை எப்பிடிப் பிடிப்பான்?"

இதுக்கு ஒருத்தரும் சிரிக்கேல்லை. றொஜன் மாஸ்ரர் அதிபரைப் பாத்தார். அதிபர் மேசையைப் பாத்தார். பிறகு றொஜன், "சேர், நீங்கள் ஒரு மட்சாவது வந்து பாத்தனீங்களோ?" எண்டு கேட்டார். கேட்டதிலை ஒரு குத்தலும் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் சுட்டது. நான் "இல்லை" எண்டன். அவர் போனை எடுத்து ஒரு வீடியோவைப் போட்டு என்ரை கையிலை தந்தார். அரையிறுதி மட்சாம். பெனால்ரியாம். எதிர்ப்பக்கத்துப் பெடியன் ஓடி வந்து அடிக்கிறான், எங்கடை ஆள் கோலுக்குள்ளை குனிஞ்சு நிக்கிறான், நீட்டுக் கை, பழைய கையுறை, கையுறையின்ரை உள்ளங்கையிலை சிவப்புத் துணியாலை ஒட்டுப் போட்டிருக்கு. பந்து மூலைக்குப் போகுது. இவன் பாயிறான் மச்சான். உடம்பு முழுக்க ஆகாயத்திலை. பந்தைத் தட்டிவிட்டிட்டு, போய்க் கோல் கம்பத்திலை நெத்தியாலை அடிபட்டு விழுகிறான். இரத்தம் வடியுது. எழும்பி நிண்டு ஒரு கையாலை புருவத்தைப் பொத்திக்கொண்டு மற்றக் கையைக் காட்டிறான், அடுத்தவனை வரச் சொல்லி. அடுத்ததையும் பிடிச்சான். அதுக்குப் பிறகுதான் தையல் போடப் போனவனாம்.

துலாக்காலாம். நான் அண்டைக்கு அவனைப் பேசின பேச்சு உமக்குத் தெரியாது. "கண் என்ன பிடரியிலையோ" எண்டனான். "பந்தடிச்சுக் காயம் பட்டால் அண்டையோடை பந்தடி நிப்பாட்டு" எண்டு முந்தி நான் சொல்லி வைச்சிருந்தபடியால் அவன் துலாக்காலிலை பழியைப் போட்டிட்டு, நான் பேசினதெல்லாத்தையும் குனிஞ்ச தலையோடை கேட்டுக்கொண்டு நிண்டவன். றொஜன் மாஸ்ரரின்ரை கந்தோரிலை சரியான தூசி மச்சான், அந்த விளையாட்டுச் சாமானுகள் அடுக்கின இடம்தானே, ஒரு தூசி என்ரை கண்ணுக்குள்ளை விழுந்திட்டுது, கொஞ்ச நேரம் ஒண்டும் தெரியேல்லை. துடைச்சுப்போட்டு எழும்பினன். எழும்பி, ஆரையும் கேளாமல், ஆரையும் நினையாமல், "நான் கலியாணத் திகதியை மாத்திறன். நீங்கள் பெடியனைக் கூட்டிக்கொண்டு போய்க் கப்பைக் கொண்டு வாங்கோ" எண்டு சொல்லிப்போட்டன். பஸ்ரியாம்பிள்ளை அண்ணை என்னைக் கட்டிப் பிடிச்சார். முருகேசு வாத்தியார், "எடேய், நீ படிக்கேக்கை இப்பிடி ஒரு விடை சொன்னதில்லை" எண்டார். நான் பெரிய வீரன் மாதிரிச் சைக்கிளிலை ஏறினன். நான் சொன்னது என்ன எண்டு எனக்கே விளங்கேக்கை, வீட்டைத் தாண்டி நாரந்தனை வரைக்கும் போயிட்டன்.

வீட்டை வந்தால் உம்மடை தங்கச்சி குசினியிலை தேங்காய் திருவிக்கொண்டிருக்கிறா. சொன்னன். திருவுறது நிண்டுது. "ஆரைக் கேட்டுச் சொன்னனீங்கள்?" எண்டா. நான் ஒருத்தரையும் கேக்கேல்லை எண்டன். "அண்ணை ரிக்கற் எடுத்திட்டார். அண்ணை எப்பிடிப்பட்ட ஆள் எண்டு தெரியும்தானே" எண்டா. தெரியும் மச்சான். இருபது வருசத்துக்கு முதல் எங்கடை சித்தப்பா வீட்டுக் கலியாணத்திலை உமக்குத் தேத்தண்ணி ரண்டாவதாய் வந்தது எண்டு பந்தியிலையிருந்து எழும்பிப் போய், மூண்டு வருசம் கதையாமல் இருந்த மனிசன் நீர். அதை நினைச்சுத்தான் இவ்வளவு நீட்டுக்கு எழுதிறன். பவதாரணி அழப்போறாள் எண்டு நினைச்சுக்கொண்டு அவளிட்டைப் போனன். அவள் தைச்சுக்கொண்டிருந்தவள், ஊசியைக் குத்தி வைச்சிட்டு, "அப்பா, எனக்கு உள்ளுக்குள்ளை அதுதான் விருப்பம். நான் கேட்டால் நீங்கள் பேசுவியள் எண்டு இருந்தனான். அவன் எனக்குச் சொல்லிப்போட்டான், அக்கா, கப்பை வேறை ஆரும் தூக்கட்டும், உன்ரை கலியாணத்திலை நான்தான் நிப்பன் எண்டு. இது அவனுக்குப் பள்ளிக்கூடத்திலை கடைசி வருசம் அப்பா. அவன் காலைக் கழுவேக்கை மனம் நெடுந்தீவிலை நிண்டால் எனக்கு அது வேண்டாம். அவன் இல்லாமல் மணவறையிலை இருக்கவும் எனக்கு ஏலாது" எண்டாள். அவளின்ரை மடியிலை கிடந்தது கூறைச் சேலைக்குத் தைக்கிற சட்டை. அந்தச் சிவப்பை நான் எங்கையோ கண்டனான் எண்டு யோசிச்சன். கையுறையிலை போட்ட ஒட்டு, மச்சான். கலியாணச் சட்டைத் துணியிலை வெட்டி ஒட்டியிருக்கிறாள். வீட்டிலை எனக்குத் தெரியாமல் என்னென்ன நடக்குது பாரும்.

அதோடை நான் துணிஞ்சிட்டன். ஐயரிட்டை ஓடினன். ஐயர் பஞ்சாங்கத்தைப் பிரிச்சு, மூக்கைச் சுழிச்சு, "மூண்டாந் திகதியைப் போல வராது, ஆனாலும் பத்தாந் திகதி ஒன்பது நாற்பதுக்கு ஒண்டு இருக்கு" எண்டார். மாப்பிள்ளைக்குப் போன் பண்ணினன். காரணத்தைச் சொல்ல அந்தப் பெடியன், "மாமா, அப்ப மூண்டாந் திகதி நான் ஏற்கெனவே லீவு போட்டிருக்கிறன், நெடுந்தீவுப் படகிலை எனக்கும் ஒரு இடம் பிடிக்கச் சொல்லுங்கோ" எண்டார். தங்கம் எண்டு முதலே எழுதினனான். தாய் மனிசி மட்டும், கலியாணத்தைப் பந்தடிக்காண்டி மாத்தினதெண்டு ஊர் சிரிக்குமே எண்டு கேட்டா. சிரிக்கட்டும், சிரிச்ச வாயோடை கலியாணத்துக்கு வருவினம்தானே எண்டு சொல்லிச் சமாளிச்சன். மண்டபத்துக்கும் சமையல்காரருக்கும் மேளகாரருக்கும் முதல் சொன்ன வீடுகளுக்கும் சொல்லுற பொறுப்பைச் சீதேவியிட்டைக் குடுத்திட்டன். மிச்சம் இருந்தது இன்னும் குடுக்காத நானூறு கலியாணக் கார்ட். திருப்பி அடிக்க நேரமில்லை. ரீம் முழுக்க வந்து எங்கடை முத்தத்திலை பாயைப் போட்டு இருந்து, ஒவ்வொரு கார்ட்டிலையும் மூண்டை வெட்டிப் பத்து எண்டு, நேரத்தையும் மாத்திப் பேனையாலை எழுதினாங்கள். நிமலன்ரை எழுத்து மட்டும் கோழி கிளறின மாதிரி, காலாலை எழுதினானோ தெரியாது. உம்மடை பேர் கார்ட்டிலை முதல் வரியிலை, தாய்மாமன் எண்டு பெரிய எழுத்திலை இருக்கு, அதை ஒருத்தரையும் தொட விடேல்லை.

ஆகவே மச்சான், என்னை மன்னிச்சு, கோவிக்காமல், திரும்பிப் போற ரிக்கற்றை எட்டாந் திகதியிலையிருந்து பன்னிரண்டாந் திகதிக்கு மாத்தும். நீர் இல்லாமல் கலியாணம் நடவாது. பிள்ளையளின்ரை தாய்மாமன் எண்டு நீர் ஒருத்தர்தான். கார்ட்டை விடும், சொல்லுற வாய்ச்சொல்லையும் இப்ப உமக்குத்தான் சொல்லிறன்: வீட்டோடை வந்திடோணும். என்ன கொண்டு வாறது எண்டு கேட்டிருந்தீர். ஒண்டும் வேண்டாம். கட்டாயம் ஏதும் கொண்டு வரோணும் எண்டு மனம் சொன்னால், கோல் கீப்பர் போடுற கையுறை ஒரு சோடி. ஆனால் நான் சொன்னனான் எண்டு அவனுக்குத் தெரியப்படாது. இந்தக் கடிதத்திலை அவனைப் பற்றி நான் எழுதின ஒண்டும் அவனுக்குச் சொல்லாதையும். நான் ஏசாமல் விட்டால் பெடியன் தலையிலை ஏறிப்போடும், இன்னும் கணக்குச் சோதினை இருக்கு.

நயினை அம்மாள் உம்மையும் மச்சாளையும் பிள்ளையளையும் கண்ணுக்குள்ளை வைச்சுக் காப்பாளாக. உம்மடை முன்கோபத்தையும் அவளே தணிப்பாளாக. மச்சாளின்ரை முழங்காலை நான் விசாரிச்சதாய் மச்சாளிட்டையே சொல்லும்.

இங்ஙனம்,
உமது அன்பு மறவாத மைத்துனன்,
இ. செல்வரத்தினம்
(இளைப்பாறிய உப தபாலதிபர்)

பி.கு. மச்சான், கடிதத்தை மடிச்சு வைச்சிட்டுத் தேத்தண்ணி குடிக்க இருக்க, வாசலிலை அதிபரும் றொஜன் மாஸ்ரரும் பஸ்ரியாம்பிள்ளை அண்ணையும். மூண்டு பேருக்கும் முகமெல்லாம் சிரிப்பு, சேட்டெல்லாம் கடல் தண்ணி. ஒரு பெட்டைப் பிள்ளையின்ரை கலியாணம் எங்களாலை குழம்பக் கூடாது எண்டு எனக்கும் சொல்லாமல் நெடுந்தீவுக்குப் படகிலை போய், அந்தப் பள்ளிக்கூடத்தோடை கதைச்சு, மட்சை மாத்திக்கொண்டு வந்திருக்கினம். நெடுந்தீவார் நல்ல மனிசர், கலியாணம் எண்டவுடனை ஓம் எண்டிட்டினமாம். புதுத் திகதி என்ன எண்டு கேட்டன். செப்ரெம்பர் பத்து. நான் கதிரையிலை இருந்திட்டன். அவை வெறுங்கையோடை வரேல்லை, எனக்குப் பனையோலையிலை கட்டின ஒரு பனங்கட்டிக் குட்டானும் கொண்டந்தவை. இனி என்ன, கலியாணம் பழையபடி மூண்டாந் திகதிதான். ஐயர், "நான் அப்பவே சொன்னனான்" எண்டார். மாப்பிள்ளைக்குச் சொல்ல அவர் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுக்குள்ளை கேக்குது. மண்டபத்துக்கும் சமையல்காரருக்கும் ஓடிப்போய்ச் சொல்லு எண்டு சீதேவியைக் கலைச்சன். அவ அசையேல்லை. முதல் மாத்தினதையே அவ ஒருத்தருக்கும் சொல்லேல்லையாம். "உங்கடை முடிவுக்கு நான் நாலு நாள் பொறுத்துப் பாக்கிறது வழக்கம்" எண்டா. ரீம் திரும்பவும் வந்து முத்தத்திலை இருந்து பத்தை வெட்டி மூண்டு எண்டும் பழைய நேரத்தையும் எழுதுது. ஆகவே மேலே எழுதினது ஒண்டையும் கணக்கிலை எடாதையும். ரிக்கற்றைத் தொட வேண்டாம். எட்டாந் திகதியே வடிவாய்த் திரும்பிப் போகலாம். கோவம் வந்திருந்தால் அதையும் திருப்பி எடும்.

மாமா, இது நிசாந்தன். அப்பா படமெடுத்து அனுப்பச் சொன்னவர், வாசிக்கப்படாது எண்டும் சொன்னவர். எழுத்துத் தெளிவாய் விழுந்திருக்கோ எண்டு பாக்கத்தானே வேணும், அதாலை எல்லாத்தையும் பாத்தன். றொஜன் சேரின்ரை கந்தோர் எண்டு எழுதியிருக்கிறார், அது அதிபரின்ரை கந்தோர் மாமா, அங்கை ஒரு தூசியும் இல்லை, நாங்கள்தான் தினமும் கூட்டுறது. அந்த வீடியோவை நாலு தரம் திருப்பிப் போடச் சொன்னவராம். நான் வாசிச்சதை அப்பாவுக்குச் சொல்லேல்லை, நீங்களும் சொல்லாதையுங்கோ. கையுறை அளவு ஒன்பது. பழசை எறிய மாட்டன், அக்காவின்ரை ஒட்டு இருக்கு. இன்னொண்டு. பத்தாந் திகதி நெடுந்தீவுக்கு அப்பா வாறாராம், அம்மாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தவர். ஒருநாளும் மட்ச் பாராதவர், தனியப் படகிலை ஏற வெக்கமாய்க் கிடக்காம், பக்கத்திலை ஆராவது வேணுமாம். அதாலை ரிக்கற்றைப் பன்னிரண்டாந் திகதிக்கே மாத்துங்கோ மாமா.